அரிசி டிரம்முக்குள் அடித்த போன்

காலை ஏழு மணிகூட ஆகவில்லை. அரிசி அளக்க டிரம்மைத் திறந்த சுஃபியாவின் கை அப்படியே நின்றுவிட்டது. உள்ளே அரிசி நடுங்கியது. உர்ர்... உர்ர்... என்று ஒரு சத்தம்.

எலியோ என்று முதலில் பயந்தாள். எலி அப்படிக் கத்தாது. கையை விட்டுத் துழாவினாள். சாயிரா பானுவின் போன் வந்தது.

"அக்கா! உங்க போனு அரிசிக்குள்ள கெடக்கு!"

அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்த சாயிரா திரும்பினாள்.

"அது... தண்ணியில விழுந்துருச்சும்மா. அரிசிக்குள்ள வச்சா ஈரம் போயிரும்னு சொன்னாங்க..."

"நேத்தும் அரிசிக்குள்ளதான் கெடந்துச்சு. முந்தா நேத்தும் பாத்தேன். தெனமுமாக்கா தண்ணியில விழுது?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவளுக்கு ஒரு பொய்தான் கைவசம் இருக்கும். அதுவும் தீர்ந்துவிட்டது.

சாயிராவுக்கு நாற்பத்தெட்டு வயது. சுஃபியா அவள் கணவரின் தம்பி மனைவி. முப்பத்தொன்றில் தாலிக் கருகமணியைக் கழற்றியவள். கணவன் சிராஜ் மவுத்தாகிப் பத்து மாதம் ஆகிறது. கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தாவும் எப்போதோ முடிந்துவிட்டது. அவளும் மகள் ஆயிஷா சித்திகாவும் கோரிப்பாளையம் தர்காவுக்குப் பின்னால் இருக்கும் இதே சந்து வீட்டில்தான் இருக்கிறார்கள்.

முன் அறையில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த நைனா முகமதுவுக்குக் காது கூர்மை. ஒரு செருப்போடு உள்ளே வந்தார்.

"எவன் அது, விடிஞ்சும் விடியாம?"

"சிம்மு கம்பெனிக்காரங்க... ஏதோ மாத்தச் சொல்லி..."

"சிம்மு மாத்தவா ஒம்போது தடவை கூப்புடுவான்?" சுஃபியா கையிலிருந்து போனை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "ஒரே நம்பரு. ஒம்போது மிஸ்டு காலு. ஆறு மணியில இருந்து. யாரு இவன்?"

சாயிரா போனுக்குக் கையை நீட்டினாள். அதுதான் அவள் செய்த தப்பு. முக்காட்டுக்குள் இருந்த கை வெளியே வந்தது. மணிக்கட்டில் வளையல் உரசிய இடத்தில் பச்சையாக ஒரு கோடு.

நைனா முகமதுவுக்குப் பைக் சீட் கவர் தைக்கிற கடை. முப்பது வருசமாக ரெக்சினையும் தோலையும் தொட்டுத் தொட்டுப் பார்த்த விரல்கள். அசல் எது, நகல் எது என்று அந்த விரல்களை ஏமாற்ற முடியாது. மனைவியின் கையைப் பிடித்து வளையலைக் கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்தார்.

"இது பவுனு இல்ல."

சாயிரா கையை உருவப் பார்த்தாள்.

"கவரிங்கு. எங்க என் உம்மா போட்ட வளையலு? ஒரு பவுனு சாயிரா! எங்க?"

"வித்துட்டேங்க..."

"எதுக்கு?"

டீ பொங்கி அடுப்பை அணைத்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

"நான் சொல்றேன் எதுக்குன்னு. ஆனையூருக்குப் போயிருக்கு! ஒன் தம்பி யாசீன் மாடிக்கு காங்கிரீட்டுப் போடுறானாம்ல? எவன் வீட்டுப் பவுன்ல எவன் காங்கிரீட்டுப் போடுறது? ஏழு வருசத்துக்கு முன்னாடி எங்கிட்ட வாங்குனதைத் திருப்பித் தர எத்தனை தடவை அலைய விட்டான்! அன்னைக்கே அவன் வாசல மிதிக்க மாட்டேன்னு சொன்னவன் நான். நீ பின்பக்கப் பொடக்காலி வழியா அள்ளிக் குடுத்திருக்க!"

"அல்லா மேல ஆணையா யாசீனுக்கு ஒரு ரூவா குடுக்கலங்க!"

"அப்ப எவனுக்குக் குடுத்த?"

சாயிரா முக்காட்டை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள். அதுதான் அவளைக் குற்றவாளியாக்கியது.

சுஃபியா அழவில்லை. அவள் அழுகையெல்லாம் பத்து மாதத்தில் வற்றியிருந்தது. ஆனால் அவள் கேட்டது நைனா முகமது போட்ட சத்தத்தைவிட ஆழமாக இறங்கியது.

"இத்தா முடிஞ்ச அன்னைக்கு உங்க கையப் புடிச்சுக் கேட்டேன்லக்கா... ஒரே ஒரு வளையல அடகு வச்சுத் தாங்க, அவரு கடையத் திரும்பத் தொறந்து நானே நடத்துறேன்னு. இல்லைன்னுட்டீங்க. பரவால்ல, அக்கா நகை, அவுங்க இஷ்டம்னு நெனச்சேன். எனக்கு இல்லாத வளையலு, யாருக்கோ இருந்திருக்கு!"

"சுஃபியா... அப்பிடிச் சொல்லாதம்மா..."

"பொட்டியக் கட்டு" என்றார் நைனா முகமது. "எவனுக்குக் குடுத்தேன்னு சொல்ற வரைக்கும் ஆனையூர்லயே இரு."

சாயிரா நிமிர்ந்தாள்.

"போறேன். வெள்ளிக்கிழமை கழியட்டும், நானே போறேன்."

"வெள்ளிக்கிழமை என்ன?"

சாயிரா அணைந்த அடுப்பைத் துடைக்கப் போனாள். நைனா முகமது இன்னொரு செருப்பை மாட்டாமலே வாசல்வரை போய், திரும்பி வந்து மாட்டிக்கொண்டு போனார்.

இனி நடந்தது என்ன என்று சொல்ல வேண்டும்.

சாயிரா இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது சிராஜுக்கு ஒன்பது வயது. தாய் இல்லை. அவளுக்கும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. "மதினி, மதினி" என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்தவனைக் குளிப்பாட்டி, பள்ளிக்கு அனுப்பி, நிக்காஹ் முடித்து, அவன் மகளையும் தூக்கி வளர்த்தாள். சிராஜ் செல்போன் கவர் விற்கிற சின்னக் கடை வைத்திருந்தான். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழவில்லை.

அடக்கத்துக்கு முந்திய ஜனாசாத் தொழுகைக்கு முன்னால் வாரிசு எழுந்து நின்று ஜமாத்தார் முன்னால் ஒரு வார்த்தை சொல்வது வழக்கம். நைனா முகமது எழுந்தார். குரல் உடைந்து உடைந்து சொன்னார்: "என் தம்பிக்கு யாரோடயாவது கொடுக்கல் வாங்கல் இருந்தா எங்கிட்ட வந்து கேளுங்க. நான் பொறுப்பு. அவன் தப்பு தவறு பண்ணியிருந்தா மாப்புப் பண்ணிருங்க."

மூன்று பேர் வந்தார்கள். டீக்கடைப் பாக்கி, கடை வாடகை, ஒரு கைமாற்று. அடுத்த நாளே கொடுத்துவிட்டார். அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

மூன்றாம் மாதம் சாயிராவின் போனுக்கு ஒருவன் கூப்பிட்டான். பெயர் பாண்டியராஜன். வாய் தேனாக இருந்தது.

"அக்கா, சிராஜ் எங்க பைனான்ஸ்ல லோன் வாங்கிருக்காரு. ரெபரன்ஸ்னு உங்க நம்பரத்தான் குடுத்திருக்காரு. அப்பிடின்னா நீங்கதான்க்கா ஜாமீன்."

சாயிரா எட்டாவது வரை படித்தவள். அவளுக்கு அப்போது தெரிந்ததெல்லாம் சிராஜ் தன் நம்பரைக் கொடுத்திருக்கிறான் என்பதுதான். மதினி இருக்கிறாள் என்று நம்பிக் கொடுத்திருக்கிறான்! அந்த நம்பிக்கையிலேயே அவள் நெஞ்சு கரைந்துபோயிற்று. கரைந்த நெஞ்சோடு போனில் பேசக் கூடாது. அவள் பேசினாள்.

"அய்யோ தம்பி, எங்க வீட்டுக்காரரு பள்ளிவாசல்ல அத்தனை பேரு முன்னாடியும் நான் பொறுப்புன்னு சொல்லிட்டாரே... அவருக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கு. இதக் கேட்டா அன்னைக்கே கடைய வித்துருவாரு. அவருகிட்ட மட்டும் போயிராதீங்க தம்பி. தம்பி பொண்டாட்டி இத்தாவுல இருக்கு, அதுக்கும் தெரிய வேணாம். நான் கட்டுறேன்..."

அவன் கேட்காததையெல்லாம் அவளே கொடுத்துவிட்டாள். கணவரின் வாக்கு, கணவரின் நெஞ்சு, தன் பயம், மூன்றையும். அதற்கு முன் பாண்டியராஜனுக்குப் பள்ளிவாசலில் நடந்தது தெரியாது. அன்றிலிருந்து அவன் வேறு எதையும் பேசவில்லை.

நைட்டி தைத்த காசு போனது. சீட்டுப் பணம் போனது. ஒரு வளையல் போனது, இன்னொன்று போனது. ஏழு மாதத்தில் எழுபத்தாறாயிரம். சிக்னல் பக்கத்து டீக்கடையில் அவன் வண்டியில் உட்கார்ந்தபடியே வாங்குவான். துண்டுச் சீட்டுகூடத் தரமாட்டான். "கம்ப்யூட்டர்ல ஏறிரும்க்கா" என்பான். தேன் கொஞ்சம் கொஞ்சமாக வற்றி, அக்கா போய், "இந்தாம்மா" வந்துவிட்டது. இப்போது மொத்தமாக ஒரு லட்சம் கேட்கிறான்.

"இல்லைன்னா வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு பள்ளிவாசல் வாசல்ல நிப்பேன். ஜமாத்து முன்னாடி பாய்கிட்டயே கேக்குறேன், சொன்னியா இல்லையான்னு!"

இதுதான் வெள்ளிக்கிழமை. இதைத்தான் அவள் விழுங்கிக்கொண்டு நின்றாள்.

மறுநாள் வியாழக்கிழமை பதினொரு மணிக்கு சாயிரா புர்காவை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கருகமணியில் கோர்த்திருந்த பொன்மணிகளை அடகுக் கடையில் வைத்து முப்பதாயிரம் வாங்கினாள். அதையாவது கொடுத்து வெள்ளிக்கிழமையைத் தள்ளிப்போட வேண்டும்.

பத்தடி பின்னால் சுஃபியா வந்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. புர்காவில் ஒரு வசதி, பின்தொடர்கிறவள் யாரென்று கண்டுபிடிக்க முடியாது. டீக்கடைப் பக்கம் ஒருவன் வண்டியில் சாய்ந்து நின்றதையும், சாயிரா கவரை நீட்டியதையும் சுஃபியா பார்த்தாள். அவள் மனதில் என்னென்னவோ ஓடியது. சந்தேகத்துக்கு இதுதான் என்று கணக்கு கிடையாது. நேராகப் போய் நடுவில் நின்றாள்.

"யாருக்கா இவரு?"

கவர் இன்னும் சாயிராவின் கையில்தான் இருந்தது. "நீ... நீ எங்கம்மா இங்க..."

பாண்டியராஜன் சிரித்தான். "இவுங்கதான் சிராஜ் வீட்டம்மாவா? நல்லதாப் போச்சு. ஒம் புருஷன் வாங்குன கடனுக்கு இந்தம்மா மாங்கு மாங்குன்னு கட்டுறாங்க. நீ சொகுசா வீட்டுல இருக்க."

சுஃபியாவுக்கு டீக்கடை, சிக்னல், பஸ் சத்தம் எல்லாம் ஒரு நொடி அடங்கிப்போனது.

"அக்கா... நெசமா?"

சாயிரா தலையை ஆட்டினாள். கண்ணீர் முகத்திரைக்குள் ஓடியது வெளியே தெரியவில்லை.

"வளையலு...?"

"உன் புருஷன் கபுருக் குழியில கடனோட கெடக்கக் கூடாதும்மா. எம் புள்ளைல்ல அவன்..."

சுஃபியா அங்கேயே விழுந்து அழுதிருப்பாள். ஆனால் நாலு வருசம் கணவன் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தவள் அவள். எழுபது ரூபாய் போன் கவருக்கே பில் எழுதிக் கொடுத்தவள்.

"ரசீது எங்க?" என்று கேட்டாள்.

"என்னது?"

"ஏழு மாசம் வாங்குனீங்கள்ல. ரசீதக் காட்டுங்க."

"அதெல்லாம் ஆபீஸ்ல இருக்கும்மா."

"ஆபீஸு எங்க இருக்கு?"

"இந்தா, நீ யாரு என்னைக் கேள்வி கேக்க? கடன்காரன் பொண்டாட்டி!"

"அதான் கேக்குறேன். அவரு கடனுன்னா நான்தான கேக்கணும்?" என்றவள், சாயிரா கையிலிருந்த கவரைப் பிடுங்கித் தன் புர்காவுக்குள் போட்டுக்கொண்டாள். "ரசீதோட வாங்க. அப்பத் தாரேன்."

"நாளைக்குப் பள்ளிவாசல்ல பாப்போம்டி!" என்று கத்திவிட்டு வண்டியைக் கிளப்பினான். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆட்டோவில் வீடு வரும்வரை சுஃபியா சாயிராவின் மடியில் முகத்தைப் புதைத்தே கிடந்தாள். "நாக்கு அழுகிப் போகணும்க்கா எனக்கு... யாருக்கோ இருந்திருக்குன்னு சொல்லிட்டேனே... அந்த யாரோ நான்தானா!"

"அழாத. ஆட்டோக்காரரு பாக்குறாரு."

சிராஜின் கடைப் பை பீரோவுக்கு மேல் பத்து மாதமாகக் கட்டுப் பிரியாமல் கிடந்தது. மவுத்தானவன் பொருளைத் தொட யாருக்கும் மனசு வரவில்லை. அதுவும் ஒரு தப்புத்தான். அன்று இரண்டு பேரும் கட்டைப் பிரித்தார்கள். வாடகைச் சீட்டு, கரண்டு பில், ஆயிஷா முதல் வகுப்பில் வரைந்து கொடுத்த ஒரு பூ, அதற்கும் அடியில் கடன் தாள்கள். ஒரு லட்சத்து இருபதாயிரம். பதினாலு மாதம் தவறாமல் கட்டியிருக்கிறான். அதில் ஒரு வரியில் சுஃபியாவின் விரல் நின்றது.

"இன்சூரன்சுன்னு ஒண்ணு புடிச்சிருக்கானுங்க பாருங்கக்கா. மூவாயிரத்துச் சொச்சம். இது எதுக்கு?"

அதை யாரிடம் கேட்பது? யாரைப் போய் நம்புவது? ஆயிஷாவின் பள்ளியில் ஒரு கூட்டத்துக்கு வந்து பேசிய வக்கீலம்மாவைப் பற்றி மகள் சொன்னது சுஃபியாவுக்கு நினைவு வந்தது. கோர்ட்டு வளாகத்தில் பெண்களுக்கு இலவசமாகச் சட்ட உதவி உண்டு என்று அந்த வக்கீலம்மா சொன்னாளாம். மத்தியானமே போய் உட்கார்ந்தார்கள்.

அந்த வக்கீல் ஆஷ்லினுக்கு முப்பது வயதுகூட இருக்காது. தாள்களைப் புரட்டிக்கொண்டே பேசினாள்.

"ரெபரன்ஸ்னு நம்பர் குடுத்தா ஜாமீனா? அப்ப நானெல்லாம் பாதி மதுரைக்கு ஜாமீன்ம்மா. நீங்க எங்கயாச்சும் கையெழுத்துப் போட்டீங்களா?"

"இல்லம்மா."

"போடலைன்னா நீங்க ஜாமீன் இல்ல. அவரு என்ன சொத்து விட்டுட்டுப் போனாரு?"

"நாலு சாக்கு போன் கவரு" என்றாள் சுஃபியா.

ஆஷ்லின் பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எறந்தவங்க விட்டுட்டுப் போன சொத்துல இருந்துதான் கடன் கேக்க முடியும். அண்ணன் கடையிலயும் கை வைக்க முடியாது, உங்க வளையல்லயும் கை வைக்க முடியாது. அப்பறம் இந்த இன்சூரன்ஸ், கடன் வாங்குனவரு எறந்துட்டா மிச்சத்தக் கட்டுறதுக்குத்தான் புடிச்சிருக்காங்க. நீங்க இறப்புச் சான்றிதழ் குடுத்திருந்தீங்கன்னா எப்பவோ முடிஞ்சிருக்கும்."

சாயிரா மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். எழுபத்தாறாயிரம்!

"அவன் காலையில ஆறு மணிக்குக் கூப்புடுறாம்மா..."

"கூப்புடக் கூடாது. காலையில எட்டுல இருந்து சாயங்காலம் ஏழு வரைக்கும்தான். நாலு பேரு முன்னாடி அசிங்கப்படுத்தக் கூடாது, மெரட்டக் கூடாது, சம்பந்தமில்லாத சொந்தக்காரங்கள இழுக்கக் கூடாது. வசூலுக்கு வாரவன் கையில கம்பெனி குடுத்த அடையாள அட்டையும் கடுதாசியும் இருக்கணும். மொதல்ல கம்பெனிக்கு ரிஜிஸ்டர் தபால்ல எழுதுவோம். கணக்குக் காட்டுன்னு. பதில் இல்லைன்னா ரிசர்வ் வங்கிக்குப் புகாரு. மெரட்டுனதுக்கு போலீஸ்."

சாயிரா அவளை உற்றுப் பார்த்தாள். ஏழு மாதம் ஏமாந்தவளுக்கு யாரைப் பார்த்தாலும் பாண்டியராஜனாகத்தான் தெரியும்.

"இம்புட்டும் செஞ்சா உங்களுக்கு என்னம்மா குடுக்கணும்?"

"ஒண்ணும் வேணாம்."

"ஒண்ணும் வேணாம்னா எப்பிடிம்மா நம்புறது?"

ஆஷ்லின் சிரித்துவிட்டாள். "நம்பாதீங்க. நல்லது. என் அட்டையும் பாருங்க" என்று தன் அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். சாயிரா அதை எடுத்து, போட்டோவையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தாள்.

"ஆனாலும் கடன்னு ஒண்ணு இருந்தா... எங்கள்ல அதை வச்சுக்கிட்டுப் போகக் கூடாதும்மா."

"இருந்தா கட்டுங்க. யாருக்குக் கட்டுறோம்னு தெரிஞ்சு கட்டுங்க."

கடிதம் அன்றே எழுதித் தபாலில் சேர்த்தார்கள். நைனா முகமதுவிடம் சொல்லலாம் என்று சுஃபியா மன்றாடினாள். சாயிரா கேட்கவில்லை. அவர் நெஞ்சு அவளுக்குப் பெரிது. பள்ளிவாசலில் தொழுகை முடிவதற்குள் அவனை வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை அவன் ஒரு தடியனையும் கூட்டிக்கொண்டு வந்தான். எதிர்ப்பக்கம் ஜூஸ் கடை நிழலில் நின்ற இரண்டு பெண்களும் ரோட்டைக் கடந்து முன்னால் போய் நின்றார்கள். சுஃபியா போனில் வீடியோவைப் போட்டுவிட்டாள்.

"தம்பி" என்றாள் சாயிரா. "உங்க அடையாள அட்டையக் காட்டுங்க."

"ஏய், நகரும்மா!"

"கம்பெனி குடுத்த கடுதாசியக் காட்டுங்க."

"பாய்! நைனா பாய்! வெளிய வாங்க!" என்று அவன் உள்ளே பார்த்து உரக்கக் கூவினான். வேண்டுமென்றேதான். அப்போதுதான் தொழுகை முடிந்து கூட்டம் இறங்கத் தொடங்கியிருந்தது. வெள்ளைத் தொப்பிகளுக்கு நடுவே நைனா முகமது வந்தார். மனைவியைப் பார்த்தார். தம்பி மனைவியைப் பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை.

"பாய், உங்க தம்பி மவுத்துல அவரு கடனுக்கு நான் பொறுப்புன்னு இந்த வாசல்ல வச்சு சொன்னீங்களா, இல்லையா?"

கூட்டம் நின்றுவிட்டது. சாயிராவின் கண் கணவரின் நெஞ்சுப் பக்கமே இருந்தது.

"சொன்னேன்" என்றார் நைனா முகமது.

"ஒரு லட்சம் பாக்கி. எடுங்க."

"எடுக்கலாம். நீ யாரு?"

"பைனான்ஸ்."

"அதத்தாங்க நாங்களும் கேக்குறோம்!" சாயிராவின் குரல் திடீரென்று உயர்ந்தது. இருபத்தெட்டு வருசத்தில் அந்தத் தெரு அவள் குரலைக் கேட்டதில்லை. "அட்டை கேட்டேன், இல்ல. கடுதாசி கேட்டேன், இல்ல. எம்புட்டுக் கடன், எம்புட்டு வந்துச்சுன்னு கணக்குக் கேட்டேன், அதுவும் இல்ல!"

கூட்டத்தில் யாரோ, "கேக்குறது நியாயந்தானப்பா, காட்டு" என்றார்கள். பாண்டியராஜனுக்கு வியர்த்தது. ஆத்திரத்தில் அவன் வாய் அவனையே காட்டிக்கொடுத்தது.

"என்னம்மா பெரிய கணக்கு? ஏழு மாசமா எழுபத்தாறாயிரம் கையில குடுத்தியே, அப்பக் கேட்டியா கணக்கு? வளையல வித்துக் குடுக்கும்போது கேட்டியா அட்டை? புருஷனுக்குத் தெரியக் கூடாது, நெஞ்சுவலிக்காரருன்னு காலப் புடிச்சியே, அப்ப எங்க போச்சு இந்த வாயி!"



நைனா முகமது மெதுவாகத் திரும்பி மனைவியின் கையைப் பார்த்தார். அந்தப் பச்சைக் கோடு. ரெக்சினைக் கண்டுபிடிக்கிற விரலுக்கு மூன்று நாளாகக் கண்டுபிடிக்க முடியாமல் போனது எது என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

அவர் சத்தம் போடவில்லை. பாண்டியராஜன் பக்கம் வந்து நின்றார்.

"தம்பி, இந்த வாசல்ல நான் சொன்னது நெசம். கடன் இருந்தா குடுக்குறேன்னு சொன்னேன். ஏமாறுறேன்னு சொல்லல. எழுத்தோட வா, ஒத்த ரூவா கொறையாமக் குடுக்குறேன். எழுத்து இல்லாம என் பொம்பளைங்க கிட்ட வந்தியோ..." முடிக்கவில்லை. முடிக்கவும் வேண்டியதில்லை. ஜமாத்தார் நாலு பேர் அவன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்கள். சுஃபியா நூறுக்குப் போன் போட்டுவிட்டாள்.

பின்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கம்பெனியிலிருந்து ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. சாயிரா கொடுத்ததில் ஒரு ரூபாய்கூட அவர்கள் கணக்கில் ஏறவில்லை. பாண்டியராஜனை அந்த ஏஜென்சி ஆறு மாதத்துக்கு முன்பே நீக்கிவிட்டதாம், அப்படித்தான் எழுதியிருந்தார்கள். நம்புவதா வேண்டாமா என்பது வேறு. இன்சூரன்சில் கடன் கழிந்தது. எழுபத்தாறாயிரத்தில் இன்னும் பத்தாயிரம்கூடத் திரும்பவில்லை. வழக்கு நடக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் சாயிரா நேராகப் போய்த் துணிப் பையை எடுத்தாள். சேலைகளை மடித்து வைத்தாள். ஆயிஷா கதவோரம் நின்று, "பெரியம்மா போகாதீங்க" என்று அழுதாள். சுஃபியா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

நைனா முகமது வாசற்படியில் நின்றார். உள்ளே வர அவருக்குக் கூசியது.

"எதுக்கு இப்ப பை?"

"நீங்கதான பொட்டியக் கட்டச் சொன்னீங்க. வெள்ளிக்கிழமை கழிஞ்சு போறேன்னு சொன்னேன். கழிஞ்சுருச்சு."

"தெரியாமச் சொல்லிட்டேன் சாயிரா... மாப்புக் குடுத்துரு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

"சொல்ற மாதிரி என்னைக்காச்சும் கேட்டீங்களா?" அவள் சேலையை மடிப்பதை நிறுத்தவில்லை. அவள் குரலில் அழுகை இல்லை, அதுதான் அவரை வதைத்தது. "வீட்டுக்குள்ள இருந்தவள நூறு கேள்வி கேட்டீங்க. எவனுக்குக் குடுத்த, எதுக்குக் குடுத்தன்னு... நானும் அப்பிடித்தான. ஊரு பேரு தெரியாத ஒருத்தன ஏழு மாசம் ஒரு கேள்வி கேக்கல. கேக்க வேண்டிய எடத்துல கேக்காம, கேக்கக் கூடாத எடத்துல கேட்டோம்..."

நைனா முகமதுவின் தாடி நனைந்தது. தம்பி ஜனாசாவுக்குப் பிறகு அவர் அழுது யாரும் பார்க்கவில்லை.

"தப்புத்தான். எந்தப் பள்ளிவாசல்ல வேணும்னாலும் எந்திரிச்சு நின்னு சொல்றேன், என் பொண்டாட்டி கிட்ட நான் கடன்பட்டவன்னு!"

"வாய்ச் சொல்லு வேணாம்."

"வேற என்ன செய்யணும்?"

"எழுதிக் குடுங்க."

அவர் அவளைப் பார்த்தார். விளையாட்டு இல்லை. சட்டைப் பையிலிருந்து கடை பில் புக்கை எடுத்து, ஒரு தாளைப் புரட்டி, பின்பக்கத்தில் எழுத உட்கார்ந்தார். ஐந்தாவது படித்த கை. ரெக்சின் மேல் சாக்பீசில் கோடு போடுகிற வேகம் பேனாவில் வராது. சுஃபியா அழுகையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

*நைனா முகமது எழுதுவது. என் மனைவி சாயிரா பானு மேல் நான் சந்தேகப்பட்டது தப்பு. அவள் என் தம்பிக்காக வளையல் வித்தாள். அந்த வளையல் ஒரு பவுன் நான் வாங்கித் தர வேண்டியது. சுஃபியா கடை திறக்க நான் பணம் தர வேண்டியது. மச்சினன் யாசீன் வீட்டுக்கு நான் போக வேண்டியது. மாப்புக் கேட்கிறேன்.*

கையெழுத்துப் போட்டு நீட்டினார். சாயிரா வாங்கினாள். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். யாசீன் பெயர் வந்த இடத்தை இன்னொரு தடவை படித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளைத் திருப்பி அவரிடமே நீட்டினாள்.

"என்ன... பத்தலையா?"

"தேதி போடல."

அவர் தேதி போட்டார். சாயிரா அந்தத் தாளை மடித்து, சிராஜின் கடன் தாள்களும் தபால் ரசீதும் இருந்த பிளாஸ்டிக் கவருக்குள் வைத்தாள். பிறகு துணிப் பையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.

"ரெண்டு நாளு தம்பி வீட்டுல இருந்துட்டு வாரேன். நீங்களே கொண்டுபோய் விட்டு, அவன் வீட்டுல உக்காந்து சாப்புட்டுட்டு வாங்க. எழுதிக் குடுத்திருக்கீங்கள்ல?"

"எழுதிக் குடுத்திருக்கேன்" என்றார் நைனா முகமது, நல்ல பிள்ளையாக.

"வண்டியில பெட்ரோல் இருக்கா?"

"இருக்கு."



"பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள்.

அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, பார்க்கப் போனார்.